தலைகீழாகத் தொங்குகிறவன் யார்?

அவையில் கூடியிருக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இன்று பலர் குறி பார்க்கப் பயன்படுத்தும் டாரட் என்ற படச் சீட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "இந்தப் படத்துக்கு உண்மையான அர்த்தம் என்ன?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று உண்டு: அதை வரைந்தது யார், எந்தக் காலத்தில், யார் கையில் கொடுப்பதற்காக? இவை தெரியாமல் அர்த்தத்தில் கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஒரே ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கும் மனிதன்.

டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், சீட்டாட்டமாக. 1440இல் புளோரன்ஸ் நகர நோட்டரி ஒருவர், சிகிஸ்மோண்டோ மலாதெஸ்தா என்ற பிரபுவுக்குப் பரிசளிக்க இப்படியொரு கட்டு வாங்கியதைக் குறித்து வைத்திருக்கிறார். சுமார் 1450இல் மிலான் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவின் குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த கட்டில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. அதிலும் நம் ஆள் தொங்குகிறான், கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி.

அன்றைய இத்தாலியருக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. துரோகிகளை இப்படித் தலைகீழாக வரைந்து பொதுச் சுவர்களில் அவமானப்படுத்துவது அங்கே வழக்கம். 1478இல் புளோரன்ஸில் அதிகாரம் செலுத்திய மெடிச்சி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்தவர்களைத் தூக்கில் தொங்குபவர்களாகச் சுவரில் வரைந்தவர் பெரும் ஓவியர் பொத்திச்செல்லி. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பிரான்செஸ்கோவின் தந்தை முத்சியோ அத்தெந்தோலோ ஒரு கூலிப்படைத் தலைவர். அவர் அணி மாறியபோது, போப் பதவிக்கு உரிமை கோரிய 23ஆம் ஜான் 1412இல் அவரையே இப்படித் தொங்கவிட்டு ரோமில் வரையச் செய்தார். அப்பாவுக்கு இழைத்த அவமானம் மகன் வீட்டுச் சீட்டுக்கட்டில் ஒரு துருப்பு! அந்தச் சீட்டைக் கையில் எடுத்தபோது அந்தக் குடும்பத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

சரி, 1781க்கு வருவோம். பாரிஸில் கூர் த ஜெபலான் என்ற அறிஞர், டாரட் என்பது பண்டைய எகிப்தின் ஞான நூல் என்று எழுதினார். சம்போலியோன் எகிப்திய எழுத்தின் புதிரை அவிழ்க்க இன்னும் 41 ஆண்டுகள் இருந்தன. தொங்குகிறவனை ஜெபலான் 'விவேகம்' என்றார்: ஒரு காலை ஊன்றி, மறு காலை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கிறவனைச் சீட்டு அச்சடித்தவர்கள் தவறுதலாகக் கவிழ்த்துவிட்டார்களாம்.

அப்புறம் 1909, லண்டன். மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் வழிகாட்ட, ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் புதிய டாரட் கட்டு ஒன்றை வரைகிறார். இப்போது அதே மனிதனின் தலையைச் சுற்றி ஒளிவட்டம். அந்த முகத்தில் இருப்பது வேதனை இல்லை, ஆழ்ந்த பரவசம் என்று வெய்ட் எழுதுகிறார்.

துரோகி, விவேகி, பரவசத்தில் இருப்பவன். வெய்டின் கட்டை வைத்துத் தியானிப்பவர் பரவசத்தைக் காண்பதில் எனக்கு மறுப்பே இல்லை; அங்கே அதுதான் நோக்கம். அந்தப் பரவசத்தை 1450க்குக் கொண்டுபோய் "இத்தாலியர் மறைத்து வைத்த ரகசியம்" என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 'துறவி' என்ற இன்னொரு சீட்டும் அப்படித்தான். ஸ்ஃபோர்சா கட்டில் அந்தக் கிழவர் கையில் இருப்பது மணற்கடிகாரம். அவர் காலத்தின் உருவம். இன்றைய கட்டுகளில் அவர் ஏந்தும் விளக்கு பிறகு வந்தது.

பமேலாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கட்டு நெடுங்காலம் பதிப்பாளர் பெயரும் வெய்ட் பெயரும் சேர்ந்த 'ரைடர்-வெய்ட்' என்றே அழைக்கப்பட்டது. வரைந்தவர் பெயர் இல்லை. மிகக் குறைந்த பணத்துக்கு ஒரு பெரிய வேலையை முடித்திருப்பதாக 1909இல் நண்பர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு அவர் எழுதியிருக்கிறார். அவர் வரைந்த சீட்டு ஒன்றில் வரும், மூன்று வாள்கள் குத்திய இதயம் அவர் புதிதாகக் கண்டதல்ல. சோலா பூஸ்கா என்னும் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டில் அது உண்டு. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. ஆனால் பல சீட்டுகளில் அவருடைய சொந்தக் கை தெரிகிறது. அவர் நாடக உலகத்தோடு பழகியவர். இரண்டு நாணயங்கள் சீட்டைப் பாருங்கள்: இளைஞன் ஆடும் தளம் சமதளம், அதன் விளிம்பில் ஒரு நேர்கோடு, அதற்குப் பின்னால் அலைகளும் கப்பல்களும் தொங்கவிட்ட திரைச்சீலைபோல. அவருடைய நோக்கம் தெரிய வேண்டுமென்றால், மந்திர நூல்களை மட்டும் புரட்டினால் போதாது. அன்றைய லண்டன் நாடக அரங்குகளையும் படிக்க வேண்டும்.