டிக்கெட் விற்பவரின் வாடிக்கையாளர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

2023 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு கச்சேரி ரசீது இணையத்தில் வலம்வந்தது. தி க்யூர் என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் நிகழ்ச்சி. விலை கையைக் கடிக்கக்கூடாது என்று குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் உறுதியாக இருந்ததால், குறைந்தபட்ச டிக்கெட் 20 டாலர்தான். நான்கு டிக்கெட் 80 டாலர். அப்புறம் வந்தது மிச்சக் கணக்கு. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம் 11 டாலர் 65 சென்ட், அரங்கக் கட்டணம் 10 டாலர். போதாததற்கு, ஆர்டரைக் கையாள 5 டாலர் 50 சென்ட். ஆகக் கட்டணம் மட்டும் 92 டாலர் 10 சென்ட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஸ்மித் பொதுவெளியிலேயே கொதித்தார். டிக்கெட்டுகளை விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் மலிவு டிக்கெட்டுகளுக்குத் தலா 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது. ஒரு பாடகர் சத்தம் போட்டதும் திருப்பித் தர முடிகிறது என்றால், அந்தப் பணம் எந்தச் செலவுக்காக வாங்கப்பட்டது?

இதற்கு நிறுவனம் வழக்கமாகச் சொல்லும் பதிலில் உண்மை இருக்கிறது. கட்டணத்தில் பெரும்பகுதி அரங்கத்துக்குப் போகிறது, கட்டணத்தை முடிவு செய்வதிலும் அரங்கத்துக்குப் பங்கு உண்டு என்பார்கள். சரிதான். ஆனால் அரங்கத்துக்கு ஏன் போகிறது என்று பார்த்தால்தான் இந்தச் சந்தை புரியும்.

அமெரிக்காவில் பெரிய அரங்கம் ஒவ்வொன்றும் டிக்கெட் விற்க ஒரே ஒரு நிறுவனத்துடன் பல ஆண்டு ஒப்பந்தம் போடுவதுதான் வழக்கம். அந்த ஒப்பந்தத்தைப் பிடிக்க டிக்கெட் நிறுவனம் முன்பணம் தருகிறது, வசூலாகும் கட்டணத்திலும் பங்கு தருகிறது. ஆகவே அவர்கள் மனம் குளிரவைக்க வேண்டிய வாடிக்கையாளர் அரங்கம்தான். வரிசையில் நிற்கும் ரசிகருக்குப் போவதற்கு வேறு கடை கிடையாது. இதில் ஒரு விபரீதமும் உண்டு. இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்காக மோதினால், அரங்கத்துக்கு அதிகம் தருவதாகச் சொல்பவர் ஜெயிப்பார். அந்த அதிகத்தை ரசிகரிடம்தான் வசூலிப்பார். போட்டி நடந்தும் கட்டணம் ஏறும்! அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018-ல் கணக்குப் பார்த்தபோது, கட்டணங்கள் சராசரியாக டிக்கெட் விலையில் 27 சதவீதம் இருந்தன.

பழைய கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1991-ல் டிக்கெட்மாஸ்டர் தன் பெரிய போட்டியாளரான டிக்கெட்ரானின் தொழிலை வாங்கியது. 1994-ல் பேர்ல் ஜாம் என்ற ராக் இசைக் குழுவினர் டிக்கெட்மாஸ்டர் மீது நாடாளுமன்றக் குழுவின் முன் முறையிட்டார்கள். அமெரிக்க அரசின் நீதித் துறை விசாரித்தது, மறு ஆண்டே கோப்பை மூடியது. 2010-ல் கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் லைவ் நேஷனும் டிக்கெட்மாஸ்டரும் ஒன்றாயின. வேறு நிறுவனத்திடம் போகும் அரங்கத்தைப் பழிவாங்கக்கூடாது என்று அரசு அப்போதே நிபந்தனை போட்டது. லைவ் நேஷன் அதை மீறியதாக 2019-ல் நீதித் துறையே சொன்னது. அதற்குக் கிடைத்த தண்டனை? நிபந்தனையைத் தெளிவாக்கி, அதன் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டி, கண்காணிப்பாளர் ஒருவரை நியமித்தார்கள், அவ்வளவுதான்.

2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் டிக்கெட் விற்பனையில் இணையதளம் திணறிப்போனதை உலகமே பார்த்தது. 2024 மே 23 அன்று நீதித் துறையும் பல மாநிலங்களும் லைவ் நேஷன், டிக்கெட்மாஸ்டர் மீது நியூயார்க்கில் ஏகபோக வழக்குப் போட்டன. வழக்கு போன இடம் நீதிபதி அருண் சுப்ரமணியனின் நீதிமன்றம். பெயரைக் கேட்டதும் நம்மில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். பெரிய அரங்கங்களின் டிக்கெட் விற்பனையில் ஏறக்குறைய 80 சதவீதம் டிக்கெட்மாஸ்டர் கையில் இருப்பதாகவும், லைவ் நேஷன் 400-க்கும் மேற்பட்ட கலைஞர்களை நிர்வகிப்பதாகவும் அரசின் மனு சொன்னது.

இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள பார்க்லேஸ் சென்டர் அரங்கம் 2021-ல் டிக்கெட்மாஸ்டரை விட்டு சீட்கீக் என்ற போட்டி நிறுவனத்துக்கு மாறியது. ஏழு ஆண்டு ஒப்பந்தம். ஆனால் ஓரிரு ஆண்டுகளிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. லைவ் நேஷன் கச்சேரிகளை வேறு அரங்கங்களுக்குத் திருப்பிவிட்டதுதான் காரணம் என்பது குற்றச்சாட்டு. பக்கத்தில் புது அரங்கம் திறந்ததால் கச்சேரிகள் அங்கே போயின என்பது நிறுவனத்தின் வாதம். எது உண்மையாக இருந்தாலும் சரி, இதைப் பார்க்கும் இன்னொரு அரங்க மேலாளர் மாறத் துணிவாரா?

ஆகவே இரண்டு நிறுவனங்களையும் பிரிக்க வேண்டும் என்று அந்த வழக்கில் வைத்த கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பிரித்துவிட்டு, ஒரு அரங்கத்துக்கு ஒரே விற்பனையாளர் என்ற ஏற்பாட்டை அப்படியே விட்டால், பணம் போகும் திசை மாறாது. 2025 மே முதல் அமெரிக்காவில் கட்டணத்தையும் சேர்த்து முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கடை வேண்டாமா?

ஒரே இருக்கையைப் பலர் விற்றால் குழப்பம் வரும் என்பார்கள். விமான இருக்கைகளை எத்தனையோ முகவர்கள் ஒரே நேரத்தில் விற்கிறார்கள். பின்னால் இருக்கும் பதிவேடு ஒன்றுதான்.

ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2017-லேயே ஒரு வழி காட்டியது. அங்கே சிடிஎஸ் ஈவென்டிம் என்ற நிறுவனம் ஆதிக்கம் செலுத்துகிறது. அதன் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்டது என்றால், ஓர் ஆண்டில் விற்கும் டிக்கெட்டுகளில் குறைந்தது 20 சதவீதத்தை வேறு வழியில் விற்க அனுமதிக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. இருபது சதவீதம் சின்னப் பங்குதான். ஆனால் அந்த அளவு டிக்கெட் கையில் கிடைத்தால், கட்டணத்தைக் குறைத்து ஆள் பிடிக்க ஒரு புது நிறுவனத்துக்கு வழி பிறக்கும். அமெரிக்காவில் நான் இதைவிடக் கூடுதலாகக் கேட்பேன்: பாதியாவது திறந்திருக்க வேண்டும், ஒப்பந்தமும் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது.

இதெல்லாம் நடந்தாலும் டெய்லர் ஸ்விஃப்ட் டிக்கெட் மலிவாகிவிடாது. கேட்பவர் அத்தனை பேர், அரங்கில் இருக்கை இவ்வளவுதான். குறைய வாய்ப்புள்ளது அந்த 92 டாலர்தான்.

நன்றி, வணக்கம்.