என்ன பரல் என்று யாரும் கேட்கவில்லை

(ராயபுரத்தில் வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளி விட்டதும் நேரே இங்கு வந்திருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சிலம்பு என்பது உள்ளே கூடாக இருக்கும் நகை. நடக்கும்போது ஓசை எழ வேண்டும் என்று அந்தக் கூட்டுக்குள் பரல் போடுவார்கள். அவரவர் வசதிக்குத் தக்கபடி அது கல்லாகவும் இருக்கும், முத்தாகவும் இருக்கும், மாணிக்கமாகவும் இருக்கும். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கலாம். "இதில் என்ன பரல்?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

அந்தக் கேள்விக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை என்ற பகுதியில் மூன்றே அடிகளில் விடை கிடைத்துவிடுகிறது. "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே", என் சிலம்பின் பரல் மாணிக்கம், என்கிறாள் கண்ணகி. நீ சொன்னது நல்ல சொல் என்று ஒப்புக்கொண்டு, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்கிறான் அரசன். கேள்வி சரியானது, விடையும் நேர்மையானது. ஆனால் அதற்குள் ஆள் செத்துப்போயிருந்தான்.

பழைய இலக்கியம் மனித இயல்பைப் பற்றியும் இன்றைய சமூகத்தைப் பற்றியும் என்ன காட்டுகிறது என்பது இன்றைய தலைப்பு. பொதுவாகப் பேசினால் மூன்று மணி நேரம் பேசலாம், ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரே ஒரு காதையைப் பிரித்துப் பார்ப்போம். சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளில் 16ஆவது, கொலைக்களக் காதை. ஒரு வழக்கின் கோப்பைத் திறந்து, எந்த இடத்தில் தவறு நடந்தது என்று தேடுகிற மாதிரி இதைப் படிக்க வேண்டும்.

முதலில் கோவலன். மதுரைக் கடைத்தெருவில் ஒரு பொற்கொல்லன் எதிரே வருகிறான். அவன் பின்னால் நூறு பணியாளர்கள். சட்டை அணிந்திருக்கிறான், கையில் கைக்கோல். அந்தத் தோற்றத்தைப் பார்த்த உடனே, இவன் பாண்டியனிடம் சிறப்புப் பெற்ற கொல்லனாகத்தான் இருப்பான் என்று கோவலன் தானே முடிவு கட்டிக்கொள்கிறான். யாரிடமும் விசாரிக்கவில்லை. அரசிக்கு ஏற்ற காலணி, அதாவது காலில் அணியும் சிலம்பு, ஒன்று இருக்கிறது, விலை மதிக்க முடியுமா என்று அவனிடமே கேட்கிறான். ஆளைப் பார்த்து எடை போடுகிற பிழையைக் காதையில் முதலில் செய்பவன் சாகப்போகிறவன்தான். இளங்கோவடிகளின் நேர்மை இங்கே இருக்கிறது. பாதிக்கப்பட்டவனைக் கூட அவர் கழுவித் துடைத்துக் காட்டவில்லை.

இரண்டாவது, பொற்கொல்லன். அரசியின் சிலம்பை ஏற்கனவே திருடியவன் இவன். அவன் மனத்துக்குள் ஓடுவதை இளங்கோ அப்படியே எழுதுகிறார்: "கரந்துயான் கொண்ட காலணி ஈங்குப் பரந்து வெளிப்படா முன்னம் மன்னற்குப் புலம்பெயர் புதுவனிற் போக்குவன் யான்." அதாவது, நான் ஒளித்து எடுத்தது ஊருக்குத் தெரிவதற்கு முன்னால், வெளியூரிலிருந்து வந்த இந்தப் புதியவன் தலையில் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்வேன். "புலம்பெயர் புதுவன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கோவலன் மேல் அவனுக்கு ஒரு பகையும் இல்லை. இவனுக்கு இந்த ஊரில் சாட்சி சொல்ல யாரும் இல்லை, அது ஒன்றே போதும். இன்று "புலம்பெயர் தொழிலாளர்" என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே சொல்தான், அதே நிலைமைதான். ஒரு தெருவில் செல்போன் காணாமல் போனால் முதலில் யார் தங்கியிருக்கும் அறைக்கு ஆட்கள் போகிறார்கள் என்று நம் வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கும் மாதவரத்துக்காரர்களுக்கும் தெரியும்.

மூன்றாவது படிதான் எனக்கு மிகவும் நுட்பமாகத் தெரிகிறது. பொற்கொல்லன் அரசனிடம் சொல்லும் குற்றச்சாட்டு: கன்னக்கோல் இல்லாமல், கவைக்கோல் இல்லாமல், மந்திரத்தால் வாயில் காவலரை மயக்கித் தூங்க வைத்துவிட்டுச் சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான். திருடனிடம் திருட்டுக்கருவி ஒன்றும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அது அவனுக்குச் சாதகமான சான்று. அதையே இவன் அவனுக்கு எதிராகத் திருப்புகிறான்: கருவி இல்லையென்றால் மந்திரம் இருக்கிறது என்று பொருள். சான்று இல்லாததே சான்றாகிவிடும் இந்த வகைப் பேச்சை எதனாலும் மறுக்க முடியாது. இன்று கைப்பேசியில் சுற்றும் வதந்திகளைப் பாருங்கள். "செய்தித்தாளில் வரவில்லையே" என்று கேட்டால், "மறைக்கிறார்கள், அதனால்தான் வரவில்லை" என்று பதில் வரும். அச்சு அசல் பொற்கொல்லன் பேச்சு.

நான்காவது, அரசன். பாண்டியன் கொடுங்கோலன் கிடையாது. அன்று அவையில் ஆடல் பார்த்திருக்கிறான். அரசி ஊடி, தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அவன் அந்தப்புரத்து வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில், அந்த வாசலில், பொற்கொல்லன் காலில் விழுகிறான். அதுவும் அரசியின் சிலம்பு பற்றிய செய்தியோடு! சிலம்பு கிடைத்தால் ஊடலும் தீரும். "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு" என்று உத்தரவு போடுகிறான். "ஆகில்" என்று ஒரு நிபந்தனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு யாரிடம் போனது? புகார் கொடுத்தவனிடமே. காவலரை அழைத்துக்கொண்டு போனவன் பொற்கொல்லன். "கொல்ல, அச்சிலம்பைக் கொணர்க" என்று சொல்ல நினைத்தவன் வாய் தவறிக் "கொன்று" என்று சொல்லிவிட்டான் என்று உரை மரபில் ஒரு விளக்கம் உண்டு. அது ஊழ்வினையைக் காரணம் காட்டுவது. அந்த விளக்கத்தை விட, அவசரமும் தவறான ஆளிடம் விசாரணையை ஒப்படைத்ததும்தான் காரணம் என்று படிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அலுவலகங்களில் கையெழுத்துப் போடும் எவரும் இந்த இடத்தை ஒரு தரம் படித்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும்.

அடுத்தது காவலர்கள். இங்கே கதை நின்றிருக்கலாம். கோவலனைப் பார்த்த காவலர், இவன் தோற்றத்தில் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு ஒரு பாடமே நடத்துகிறான்: கள்வருக்குத் துணை எட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. கூடவே பழைய திருட்டுக் கதை ஒன்றும் சொல்கிறான். அதைக் கேட்டு இளைஞன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். மழைபெய்த நள்ளிரவு, உளியோடு வந்த கள்வன், தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டான். விட்டுவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று முடிக்கிறான். அந்த அனுபவம் உண்மையாகவே இருக்கட்டும். அதற்கும் எதிரே நிற்கும் கோவலனுக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் இல்லை. வேறொரு நாள், வேறொருவன் தந்த பயத்தை இவன் மேல் ஏற்றுகிறான். இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே "கல்லாக் களிமகன்" ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயங்கியவர்கள் யாரும் கொல்லவில்லை. ஆனால் அவர்கள் தயங்கியதோடு நின்றுவிட்டார்கள், தடுக்கவில்லை. கூட்டத்தில் ஒரு குடிகாரன் இருந்தான், அது போதுமாக இருந்தது.

2018 மே மாதம் குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு வதந்தி பரவியது. இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அவரும் வெளியூர் ஆள், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாதவர். சுற்றி நின்றவர்களில் பலர் அடிக்காதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். கொலைக்களக் காதையின் கடைசி முப்பது நாற்பது அடிகளை அன்று யாராவது நினைவில் வைத்திருந்தால் என்று மனம் ஏங்குகிறது.

சிலம்பைப் போற்றுகிற நாம் பேசாமல் தாண்டிவிடும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். நூலின் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரையில், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் என்ற பாண்டியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி, அதாவது உயிர்ப்பலி வேள்வி, செய்து சாந்தி செய்தான் என்று வருகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் தொழில் செய்யும் ஆயிரம் பேர்! யாருடைய சிலம்பில் என்ன பரல் என்று கேட்காமல் கொன்றதை எதிர்த்து எழுந்த காப்பியத்தின் வாசலிலேயே, அதே தவறு ஆயிரம் மடங்காக நடந்திருக்கிறது. மழை பெய்து நாடு செழித்தது என்று அந்தச் செய்தி அமைதியாக முடிகிறது. அந்த அமைதியை நாம் ஏற்க முடியாது. சவுகார்பேட்டைச் சந்துகளில் உள்ள பட்டறைகளில் வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இன்றும் குனிந்து உட்கார்ந்து பொன் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் தெருவில் நின்று அந்த வரியைப் படித்தால்தான் அதன் கனம் தெரியும்.

ஊரை வைத்து ஆளை அளப்பது நமக்குப் புதிதல்ல. வடசென்னை என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். நகருக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட மக்கள் வாழும் இடத்துக்குக் கண்ணகி நகர் என்றே பெயர் வைத்தார்கள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பது கடினமாக இருக்கிறது என்று அங்குள்ள இளைஞர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

இதற்குச் சங்க இலக்கியம் தரும் பதில் நற்றிணை 45இல் இருக்கிறது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பாட்டைப் பேசாமல் போவது பாவம். கடற்கரைச் சிறுகுடியில் ஒரு பரதவர் மகள். கொடிகள் பறக்கும் கடைவீதி உள்ள மூதூரிலிருந்து தேரில் வருகிறான் ஒரு செல்வன் மகன். தோழி அவனை நிறுத்திச் சொல்கிறாள்: நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்து, பறவை வந்து கொத்தாமல் விரட்டிக்கொண்டிருப்பவர்கள்.

"புலவு நாறுதும் செலநின் றீமோ
பெருநீர் விளையுள்எம் சிறுநல் வாழ்க்கை
நும்மொடு புரைவதோ அன்றே
எம்ம னோரில் செம்மலும் உடைத்தே."

எங்கள் மேல் மீன்வாடை வீசும், தள்ளி நில்லுங்கள் என்கிறாள். அவன் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுகிறாள். கடலில் விளையும் எங்கள் சின்ன, நல்ல வாழ்க்கை உங்களோடு ஒப்பிடத் தக்கதில்லை. எங்களைப் போன்றவர்களிலும் செம்மல்கள் உண்டு. "சிறு" என்ற சொல்லுக்கு அடுத்தே "நல்" வந்து நிற்கிறது. கருவாட்டுக் கூடையோடு பேருந்தில் ஏறி, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதைப் பார்த்த தாய்மார்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை.

ஆனால் பேசுவது யார் என்ற கூற்றையும், எந்தச் சூழலில் என்ற துறையையும் விட்டுவிட்டுப் படித்தால் பாதிதான் கிடைக்கும். இது தோழி கூற்று. குறை வேண்டி வந்த தலைவனைச் சேட்படுத்தியது, அதாவது தள்ளி நிறுத்தியது, என்பது துறை. அவள் உண்மையில் அவனை விரட்டவில்லை, அவன் மனத்தின் உறுதியைச் சோதிக்கிறாள். அப்படியானால் அந்தப் பெருமிதம் பொய்யா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஊரார் மனத்தில் அந்தப் பெருமிதம் ஏற்கனவே இருந்தால்தான் தோழியால் அதை எடுத்து வீச முடியும்.

திருக்குறளைப் பற்றி ஒன்று மட்டும். 106ஆவது அதிகாரம் இரவு, அதாவது பிறரிடம் இரந்து கேட்பது; 107ஆவது இரவச்சம், அப்படிக் கேட்க அஞ்சுவது. ஒளிக்கத் தெரியாதவரிடம் கேட்பது கொடுப்பதைப் போன்றதே என்கிறது 1054. பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டாலும் நாவுக்கு அதைவிட இழிவு இல்லை என்கிறது 1066. ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று நினைக்காதீர்கள். தண்ணீர் லாரி வராத நாளில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் பெண் மனத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும். வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஒரு குறளை மட்டும் பிய்த்து எடுத்துச் சுவரில் எழுதும்போது இது தொலைந்துபோகிறது. புறநானூறு 192க்கும் இதே கதிதான். 13 அடிகளில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதலடி மட்டும் எல்லா மேடை முகப்பிலும் இருக்கிறது. பெரியோரை வியக்கவும் மாட்டோம், "சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்ற கடைசி அடியை எங்கும் காணோம்.

வீட்டில் எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். கொலைக்களக் காதையை முதலில் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையில் உரைநடையாக ஒரு முறை படித்துவிடுங்கள், கதை பிடிபட்டுவிடும். பிறகு மூலத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஆசிரியப்பாவைக் கண்ணால் மட்டும் படித்தால் சீர் பிரியாமல் முட்டும், வாய்விட்டால் தானாகப் பிரியும். சந்தி பிரித்த பதிப்பு இருந்தால் இன்னும் நல்லது. பழைய செய்யுளில் மேற்கோள் குறி கிடையாது. ஒருவர் பேச்சு பெரும்பாலும் "என", "என்று" என்ற சொல்லில் முடியும். ஒவ்வொரு "என" வரும் இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பேசுபவர் பெயரை ஓரத்தில் எழுதுங்கள். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. பொற்கொல்லன் சொன்னதை இளங்கோ சொன்னதாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறோம். பெயர்களை எழுதி முடித்ததும், ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு மறுபடி படியுங்கள். தயங்கிய காவலரின் அடிகளைக் கூட்டத்திலேயே மிகவும் கூச்சப்படுகிற பிள்ளைக்குக் கொடுங்கள்.

அடுத்த மாதம் வழக்குரை காதை. அதற்கும் பென்சிலோடு வாருங்கள். வணக்கம்.