நின்றுபோன ஒரு பேப்பர்

(முக்கூடலில் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. நேரம் இல்லாமல் அன்று விட்ட ஓரிரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வங்கி மேலாளர் அவர்களே, நூலகர் அவர்களே, என்னை விடாமல் போனில் பிடித்துக் கூட்டிவந்த செயலாளர் தம்பி அவர்களே, பீடிக்கடையில் சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் தப்பாகிவிடும். போன மழைக்கு இந்த நூலகக் கூரை ஒழுகியது. புத்தகத்தை எல்லாம் ஒரு மூலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். மனு கொடுத்த நாலாம் நாள் ஆள் வந்து ஓட்டை அடைத்தது. அதேபோல் தலைமையாசிரியை அம்மா, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக்கே நடந்து போய் "எந்தக் காலேஜில் சேர்த்திருக்கிறீர்கள்" என்று கேட்கிறவர். இப்படிப்பட்டவர்கள் இருக்கிற மேடையில் பேசுவது எனக்குப் பெருமை.

"பட்டப்படிப்பின் பண மதிப்பு" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேச நினைக்கிறேன். ஒன்று, பட்டத்தால் வருகிற காசு. இரண்டு, கல்விக் கடன். மூன்று, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண்பிள்ளைகளின் பட்டம்.

நம் திருநெல்வேலிச் சீமைக்குக் கல்லூரி புதிதல்ல. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வார்கள். நூறு வருடம் தாண்டிய கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. ஆனால் படிப்பு இங்கே, பட்டம் வேறெங்கோ. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு மதுரை. ஒரு மதிப்பெண் பட்டியலில் பெயர்ப் பிழை என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். 1990-இல்தான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நமக்கென்று வந்தது. இன்றைக்கு அது இருக்கிற அபிஷேகப்பட்டிக்குக் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பிள்ளைகளும் போகிறார்கள். ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி, பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரை உள்ளவர்களை வைத்துப் பார்க்கிற சேர்க்கை விகிதம் நாட்டுக்கு நூற்றுக்கு 28 அளவு, தமிழ்நாட்டுக்கு 47. 2035-இல் 50-ஐத் தொட வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. நாம் ஏற்கெனவே பக்கத்தில் நிற்கிறோம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகிற பெண்களுக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. எல்லாம் நல்லதுதான்.

ஆனால் அந்த 47 யாருடைய கணக்கு? கல்லூரிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் கணக்கு. எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்வாள், "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை" என்று. முப்பது வருடம் வணிகவியல் எடுத்தவன் சொல்கிறேன், அந்தக் கதையை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் வருவார்கள். ஒரு பேப்பர், இரண்டு பேப்பர் அரியர் நிற்கும். "அடுத்த தடவை எழுதிடுவேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குக் கடை வேலைக்கு ரயில் ஏறுவார்கள். அவ்வளவுதான்.

இதில் போகிற பணத்தைக் கணக்குப் பாருங்கள். கல்லூரிச் செலவு என்றால் நாம் கட்டணத்தை நினைக்கிறோம். பெரிய செலவு அது இல்லை. பையன் வேலைக்குப் போயிருந்தால் மாதம் பத்தாயிரம் கொண்டுவருவான் என்று வையுங்கள். மூன்று வருடத்துக்கு 3,60,000 ரூபாய். அந்தக் காசை வேண்டாம் என்று விட்டுவிட்டுத்தான் அவனைப் படிக்க அனுப்பினோம். அம்மா மடியில் சுளவை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணி வரை பீடி சுற்றியது அதற்காகத்தான். வேலை விண்ணப்பத்தில் என்ன கேட்கிறார்கள்? குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 2 எழுதப் பட்டம் வேண்டும். வங்கி எழுத்தர் தேர்வுக்கும் பட்டம் வேண்டும். எத்தனை பேப்பர் பாஸ் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. முப்பது பேப்பரில் இருபத்தொன்பது பாஸ் பண்ணியவனும் பிளஸ் டூவோடு நின்றவனும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நாலைந்து வருடம் இருக்கும். சேரன்மகாதேவியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், நல்ல மழை. வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. "ஏறுங்க சார், நயினார்குளம் மார்க்கெட்டுக்குத்தான் போறேன், ஜங்ஷன்ல விட்டுர்றேன்." யாரென்று தெரியவில்லை. "என்ன சார், அடையாளம் தெரியலியா? காஸ்ட் அக்கவுண்டிங் எடுத்தீங்கள்லா, கடைசி பெஞ்சு." சரி, ஏறிவிட்டேன்.

பி.காம். முடித்தாயே தம்பி என்றேன். பேசாமல் ஓட்டினான். அப்புறம் சொன்னான், "முடிக்கல சார். உங்க பேப்பர்தான் நிக்கி. மூணு மார்க்குல போச்சு." மறுபடி எழுத வேண்டிய அன்றைக்கு அவனுடைய அப்பா ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில். அதற்கடுத்த தடவை கையில் வண்டி. சில வருடம் கழித்து ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறான். கவுண்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே "காலம் முடிஞ்சு போச்சு" என்றாராம். அதோடு விட்டுவிட்டான். அவன் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று மாமா அடித்துவிட்டார். "வேண்டாம்னு சொன்னேன் சார், கேக்கல. அந்தப் பத்திரிகையை நான் ஒருத்தருக்கும் என் கையால குடுக்கல." இதைச் சொல்லும்போது அவன் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பேச்சை மாற்ற, இந்த லோடில் கையில் என்ன நிற்கும் என்று கேட்டேன். உடனே வந்தது பாருங்கள் பதில்! "நூறு தாரு சார். நாலு தாரு எப்படியும் அடிபடும், அதனால தொண்ணூத்தாறுக்குத்தான் விலை போடணும். டீசல், ஏத்துகூலி, இறக்குகூலி எல்லாத்தையும் தொண்ணூத்தாறு மேல போட்டுருவேன். இன்னைக்கு மாதிரி மழையில பத்து போச்சுன்னா, மிச்ச ஆறை விலையில ஏத்த முடியாது. அது என் கையைவிட்டுப் போற காசு." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "தம்பி, வண்டியை ஓரங்கட்டு" என்றேன். அவன் பயந்துவிட்டான். "அந்த நாலு நார்மல் லாஸ். அந்த ஆறு அப்நார்மல் லாஸ். நீ தோற்ற பேப்பரில் நான் பதினைந்து மார்க்குக்குக் கேட்கிற கணக்கு இது. நீ தினமும் போட்டுக்கொண்டிருக்கிறாய்" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதான்.

பழைய அரியர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிப்பதுண்டு. நாங்கள் காத்திருந்தோம், வந்தது. ஆறு வாரம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணையில் படித்தான். பரீட்சை அன்று வாசலில் நின்ற பேராசிரியர் "பெற்றோரெல்லாம் வெளியே நிற்கணும்" என்றாராம்! ஐம்பத்தெட்டு மார்க். இன்றைக்கும் வண்டி ஓட்டுகிறான். மத்தியானத்துக்கு மேல் மார்க்கெட்டில் ஆறு கடைகளுக்குக் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் பார்க்கிறான். அதில் வருகிற காசில்தான் மகள் படிக்கிறாள். இதே கணக்கை முன்பே போடத் தெரிந்தவன்தான். போய்க் கேட்கிற தைரியம் அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் வந்தது.

கல்விக் கடன் பற்றி மேலாளர் அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஒன்று மட்டும். நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி. பயப்படாமல் போய்க் கேளுங்கள். ஆனால் தாழி உடைந்தாலும் கடன் கடன்தான். பட்டம் வராத பிள்ளைக்கும் தவணை வரும். அதனால்தான் சுற்றிச் சுற்றி நான் இந்த அரியருக்கே வருகிறேன்.

தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு முதல் ஏழு வரை இந்த நூலகத்தின் பின்னறையைத் திறந்து கொடுங்கள். ஒரு மேசை, ஒரு கரும்பலகை, ஒரு டியூப்லைட் போதும். கணக்குப் பதிவியலும் செலவுக் கணக்கும் நான் எடுக்கிறேன். ஆங்கிலம் எடுக்கத் தலைமையாசிரியை அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கணிதத்துக்கு ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அம்பாசமுத்திரத்திலிருந்து வருவார். காசு கிடையாது. இருபது வயதாக இருந்தாலும் நாற்பதாக இருந்தாலும் வரலாம். கல்யாணமாகி வந்த மருமகள்களை மாமியார்மார் தயவுசெய்து அனுப்ப வேண்டும். அவர்கள் பெட்டிக்குள் அரைகுறையாகக் கிடக்கிற மதிப்பெண் பட்டியல் உங்கள் வீட்டுச் சொத்து. திரண்ட வெண்ணெய் இன்னும் உள்ளே கிடக்கிறது, தாயே.

அந்தப் பிள்ளைகள் பலர் இன்று இங்கே இல்லை. திருப்பூரில், சென்னையில், மும்பையில் கடையில் நிற்கிறார்கள். அவர்களுக்காக நீங்கள் வந்தால் போதும். வெளியே போகிற வாசலில் செயலாளர் தம்பி ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையின் பெயர், படித்த கல்லூரி, பதிவு எண், நிற்கிற பேப்பர், இவ்வளவையும் எழுதிக்கொடுங்கள். பதிவு எண் ஞாபகம் இல்லையென்றால் இப்போதே போன் போட்டுக் கேளுங்கள். எட்டு மணிக்குக் கடை அடைப்பதற்குள் எடுப்பான்.