அடுப்படில இருக்குங்க இதயம்

நடுவர் ஐயா அவர்களே, எதிர்ல உக்காந்திருக்குற நடைப்பயிற்சி அணிக்கும் வணக்கம். இதயத்தக் காக்குறது நடையா அடுப்படியாங்குற தலைப்புல நான் அடுப்படிக்காக பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசுன தம்பி லண்டன் பஸ் ஆய்வ சொன்னாரு, 1953ல ஜெர்ரி மோரிஸ்ங்குற டாக்டர் வெளியிட்டது, மாடி பஸ்ல நாள் பூரா படி ஏறி இறங்குன கண்டக்டருக்கு உக்காந்தே ஓட்டுன டிரைவர விட மாரடைப்பு கம்மின்னு. உண்மைதான், நான் மறுக்கல. ஆனா அந்த கண்டக்டர் ஏறுன படி அவரு ஒருத்தருக்குத்தானே ஆச்சு. குழம்புல உப்பு கொறஞ்சா முட்டி வலியோட கட்டில்ல கெடக்குற பாட்டிக்கும் சேத்துல்ல கொறையுது!

எங்கப்பாவையே சொல்றேன். காலைல 5 மணிக்கு எந்திரிச்சு, மழைன்னாலும் குடைய பிடிச்சிட்டு நடக்குற ஆளு. அவருக்கு பிரஷர் 170ன்னு வந்தப்ப வீட்ல யாரும் நம்பல. டாக்டர் மாத்திரை எழுதிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, ஒரு கிலோ உப்பு உங்க வீட்ல எத்தன நாளைக்கு வரும்னு. நாங்க நாலு பேரு, சரியா ஒரு மாசம். உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ளதான் இருக்கணும்னு சொல்லுது, நாலு பேருக்கு 20 கிராம்னா அந்த பாக்கெட் 50 நாள் வரணும், எங்களுக்கு 30 நாள்ல காலி, ஊறுகா அப்பளம் கருவாடு கடை மிக்சர்ல இருக்குற உப்பெல்லாம் அதுல சேரவே இல்ல. உப்பு கூடுனா உடம்புல தண்ணி தங்குது, ரத்தத்தோட அளவு கூடுது, அழுத்தம் ஏறுது, அத்தனையும் ராத்திரி தூங்கும்போதும் தள்ளுறது கைப்பிடி அளவு இதயம். காலைல ஒரு மணி நேரம் நடந்தது அதுக்கு எப்படிங்க போதும்?

பின்லாந்துல வட கரேலியான்னு ஒரு பகுதி, ஆம்பளைங்க நடு வயசுலயே மாரடைப்புல செத்துட்டு இருந்தாங்க. அவங்க ஒண்ணும் சோம்பேறி இல்ல, காட்டுலயும் வயல்லயும் பாடுபட்டவங்கதான், ஆனா ரொட்டி மேல கெட்டியா வெண்ணெய், எல்லாத்துலயும் உப்பு, காய்கறி ரொம்ப கம்மி. 1972ல பெக்கா புஸ்கான்னு ஒரு இளம் டாக்டர் தலைமைல வேலை ஆரம்பிச்சது, அவரு போய் கைகோத்தது மார்த்தா அமைப்புங்குற பெண்கள் சங்கத்தோட, ஊர் ஊரா சமைச்சுக் காட்டுனாங்க. சிகரெட்டையும் கொறச்சாங்க, அதையும் மறைக்காம சொல்லிடுறேன். சுமார் 40 வருஷத்துல உழைக்குற வயசு ஆம்பளைங்க இதய நோயால சாகுறது 80 சதவீதத்துக்கு மேல கொறஞ்சிருச்சு.

வாரத்துக்கு 150 நிமிஷம் நடந்தா போதும்னு எதிரணி சொன்னீங்க. நடங்க. ஆனா வாரத்துக்கு 21 வேளை தட்டு முன்னாடி உக்காருறோமே! அடுப்படின்னதும் பொம்பளைங்க தலையில பாரத்த தூக்கி வைக்கிறேன்னு நெனைக்காதீங்க, உப்பு பத்தலன்னு தட்டத் தள்ளுற ஆம்பளையும் அந்த அடுப்படிலதான் இருக்காரு, எங்கப்பாவும் அப்படித்தான் இருந்தாரு.

இப்ப அவருதான் புது உப்பு பாக்கெட்ட பிரிச்ச அன்னிக்கு அது மேல பேனாவால தேதி எழுதி வைக்கிறாரு. போன பாக்கெட் 47 நாள் வந்துச்சு ஐயா.