நின்று எரிகிற அடுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

காய், பழம், இறைச்சி இவற்றைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, ஜாடியோடு சூடாக்கி, காற்றுப் புகாமல் மூடி மாதக்கணக்கில் வைத்திருக்கும் முறையைக் கேனிங் என்கிறோம். இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எவ்வளவு உப்பு, எந்த மூடி, எத்தனை நிமிடம் என்றெல்லாம் கேட்பார்கள். எந்த அடுப்பில் வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. இன்று நான் அடுப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு கவலை? கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்றொரு பாக்டீரியா மண்ணிலேயே இருக்கிறது. அதன் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். காற்றில்லாத, புளிப்பில்லாத ஜாடிக்குள் முளைத்தால் நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். நஞ்சு ஊறிய உணவு பார்வைக்கும் வாசனைக்கும் நல்லதாகவே தோன்றலாம். பழம், ஜாம், ஊறுகாய் போல அமிலத்தன்மை கூடிய உணவில், அதாவது பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருப்பவற்றில், அது வளராது. அவற்றுக்குக் கொதிநீர்க் குளியல், அதாவது ஜாடிகளைக் கொதிக்கிற தண்ணீரில் மூழ்க வைப்பது, போதும். பீன்ஸ், சோளம், இறைச்சி போன்றவற்றுக்கு 116 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் ஆவியை உள்ளே அடைத்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஏற்றும் பெரிய கலன், பிரஷர் கேனர்.

சரி, அடுப்புக்கு வருவோம். இந்த வேலைக்கு அடுப்பிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: தொடங்கிய நிமிடத்திலிருந்து முடியும் நிமிடம் வரை வெப்பம் நின்று எரிய வேண்டும். அழுத்தம் நடுவில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், மறுபடி ஏற்றி, நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

இது எனக்கே நடந்தது. ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும் ஜாடிகளில் இறைச்சி. 90 நிமிடம் வைக்க வேண்டும். 60-ஆவது நிமிடத்தில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கலனின் தலையில் ஆடிக்கொண்டிருந்த வெயிட் ஓய்ந்ததும் அடுக்களையே அமைதியாகிவிட்டது. இன்னும் 30 நிமிடம்தானே, வேறு சிலிண்டர் மாட்டி முடித்துவிடலாம் என்று மனம் சொன்னது. மனதின் பேச்சைக் கேட்கவில்லை. மறுபடி முழு 90 நிமிடம் வைத்தேன். இறைச்சி குழைந்துபோனது, ஆனால் அந்த ஜாடிகளைப் பயமில்லாமல் பரிமாறினேன். அன்றிலிருந்து மாற்று சிலிண்டர் பக்கத்தில் இல்லாமல் தீ மூட்டுவதில்லை.

அளவான தீயுள்ள வீட்டு கேஸ் அடுப்பு நல்ல தேர்வு. தீயைக் கண்ணால் பார்க்கலாம், இம்மி இம்மியாகக் குறைக்கலாம். பழைய சுருள் மின் அடுப்பும் மோசமில்லை. ஆனால் கலனின் அடிப்பகுதி சுருளைவிட 10 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. மீறினால் நடு ஜாடி வெந்திருக்கும், ஓரத்து ஜாடி பின்தங்கியிருக்கும்.

கண்ணாடிப் பரப்புள்ள வழவழப்பான மின் அடுப்பில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். முதல் பிரச்சினை எடை. நீரும் ஜாடிகளும் நிறைந்த பெரிய கலன் 20 கிலோவைக்கூடத் தொடும். எல்லாக் கண்ணாடியும் அதைத் தாங்காது. இழுத்தால் கீறும், சற்று வேகமாக இறக்கினால் விரியும். இரண்டாவது பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி அளவுமீறிச் சூடேறினால் பல அடுப்புகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வெப்பத்தை நிறுத்தி, பிறகு மீண்டும் தொடங்கும். குழம்பு வைப்பதற்கு அதனால் ஒன்றும் கெடாது. இங்கே அந்த இடைவெளியில் கொதி அடங்கும், அழுத்தம் இறங்கும். நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம், ஜாடிக்குள் வேலை நடந்திருக்காது. ஆகவே அடுப்பின் கையேடு, கலனின் கையேடு இரண்டும் சம்மதித்தால் மட்டுமே வையுங்கள். கலனின் அடி தட்டையாக இருப்பதும் அவசியம்.

இண்டக்ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். வெறும் அலுமினியக் கலன் அதில் சூடாகாது.

அப்புறம், வெளியில் வைத்து எரிக்கும் பெரிய பர்னர். தீ அதிகமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் செய்முறையில் உள்ள நிமிடங்கள், கலன் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் நேரத்தையும் சேர்த்து நம்பி எழுதப்பட்டவை. அசுரத் தீயில் கலன் சட்டென்று அழுத்தத்துக்கு வந்துவிட்டால் ஜாடியின் நடுப்பகுதிக்குப் போக வேண்டிய வெப்பம் குறைந்துபோகும். சின்ன பிரஷர் குக்கரை இந்த வேலைக்கு வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். தவிர, மெல்லிய அலுமினிய அடி வளைந்துவிடும். சில கலன்களின் கையேட்டிலேயே மணிக்கு 12,000 பி.டி.யூ.வுக்கு (வெப்பத்தை அளக்கும் அலகு) மேற்பட்ட பர்னரில் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். அது சுமார் 3.5 கிலோவாட். காற்றடித்தால் தீ அலையும், அழுத்தமும் அதோடு அலையும். காற்றுக்குப் பயந்து அந்தப் பர்னரை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் கொட்டகைக்குள்ளோ கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; மூடிய இடத்தில் அது உயிரைப் பறிக்கும். விறகுத் தீயைப் பிரஷர் கேனருக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒன்றரை மணி நேரம் ஒரே சீராக விறகை எரிக்க யாராலும் முடியாது.

ஜாடிகளை ஓவனில் வைத்துப் பதப்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. ஓவனின் முள் 120 காட்டினாலும், அழுத்தம் இல்லாத இடத்தில் ஜாடிக்குள் இருக்கும் ஈரமான உணவு 100 டிகிரியைத் தாண்டாது. உலர்ந்த சூட்டில் கண்ணாடி வெடிக்கவும் செய்யும். மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் இதற்கு ஆகாதவையே.

மேட்டு நிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் இது சரியாகாது. கொதிநீர்க் குளியலில் நிமிடங்களைக் கூட்ட வேண்டும். பிரஷர் கேனரில் 10 பவுண்டு வெயிட்டுக்குப் பதில் 15 பவுண்டு வெயிட் போட வேண்டும்.

உங்கள் அடுப்பு இதற்குத் தகுந்ததா என்று அறிய, காய் நறுக்குவதற்கு முன்பே ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். இரண்டு கையேடுகளையும் படித்து முடித்த பிறகு, ஜாடி இல்லாமல் கலனில் ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஆவி பீறிட்டு வரத் தொடங்கியதும் 10 நிமிடம் அப்படியே விடுங்கள், உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும். பிறகு வெயிட்டைப் போட்டு, அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து, அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள். அழுத்தம் இறங்காமல், தீயை ஓயாமல் திருகவும் தேவையில்லாமல் நின்றால் அந்த அடுப்பில் தொடங்கலாம். ஏறி ஏறி இறங்கினால், அன்றைக்குப் போனது கொஞ்சம் தண்ணீரும் எரிபொருளும் மட்டும்தான். அணைத்துவிட்டு, கலன் தானாக ஆறும்வரை மூடியைத் தொடாமல் காத்திருங்கள். அடுத்த முறை வேறு அடுப்பில் வைத்துப் பாருங்கள்.

வணக்கம்.