கெஜட்டில் வந்தாச்சு, அப்புறம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தாலுகா ஆபீஸ்களிலேயே சர்வீஸ் முழுக்கக் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடவில்லை. காலையில் பேப்பரை விரிப்பதற்குள் கேட்டுக்கு வெளியே யாராவது பிளாஸ்டிக் கவரோடு நிற்பார்கள். கவருக்குள் ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ், பழுப்பேறிய ஏதாவது ஒரு தாள். முக்கால்வாசிப் பேருக்கும் ஒரே சங்கதிதான், பெயர். அதனால் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

பெயரை மாற்றுகிறவர்கள் எல்லாரும் நியூமராலஜி பார்த்து மாற்றுகிறார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கூடுதலாக ஒரு 'எச்' போட்டால் கடை ஓடும் என்று நம்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் பக்கத்தில் வேறு காரணங்கள்தான் அதிகம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள். தாத்தா காலத்து ஆதாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்திரத்தைச் சொல்கிறேன், அட்டையை இல்லை. மலையாள எழுத்து, மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு, பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர். அப்பாவின் சான்றிதழுக்கு வந்தால் வீட்டுப்பெயர் போய் இனிஷியல் வந்திருக்கும். பிள்ளை வெளிநாடு போகப் பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த இனிஷியலையும் விரித்து எழுதச் சொல்வார்கள். மூன்று தலைமுறை, மூன்று வழக்கம். கடற்கரை ஊர்களிலோ கோயில், தேவாலயத்தைச் சொல்கிறேன், அந்தப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். கோயிலில் சூசை என்றால் பள்ளியில் ஜோசப். யோவான் என்றால் ஜான். அந்தோணி ஒரு தாளில் அந்தோணி, அடுத்த தாளில் ஆன்றனி. ஊருக்குள் இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே.

சரி, இதையெல்லாம் ஒரே பெயராக்க வேண்டும் என்று முடிவு செய்து அரசிதழில், கெஜட் என்கிறோமே, அதில் அறிவிப்புக் கொடுக்கிறீர்கள். சென்னையில் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பம் போட்டு, பணம் கட்டி, அதிகாரியிடமோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்கி அனுப்புகிறீர்கள். ஒரு நாள் கெஜட்டில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் நாலைந்து வரி இருக்கும். இன்னாருடைய மகன், இந்தத் தேதியில் பிறந்தவன், சொந்த மாவட்டம் கன்னியாகுமரி, இந்த முகவரியில் இருக்கிறேன், இனிமேல் இந்தப் பெயரால் அழைக்கப்படுவேன். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்திலேயே இன்னொன்றும் அச்சாகியிருக்கும். யாரும் அதை வாசிப்பதில்லை. பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிடுவதால் அரசிதழுக்குச் சட்டப் பொறுப்பு எதுவும் இல்லை, விளைவுகளுக்கெல்லாம் அறிவிப்புக் கொடுத்தவரே பொறுப்பு என்று. என் வீட்டுக்கு வருகிற எல்லாரையும் முதலில் அதைத்தான் வாசிக்கச் சொல்வேன். காரணம் இருக்கிறது. கெஜட்டில் வந்தாச்சு, இனி எல்லா ஆபீசிலும் தானாக மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். மாறாது. கெஜட்டைப் பார்த்து எந்த ஆபீசும் உங்களைத் தேடி வராது. ஒவ்வொரு வாசலுக்கும் நீங்கள்தான் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தை முடிவு செய்வது. இதைத்தான் நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு உங்களிடமும் புலம்பப் போகிறேன்.

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர். வளைகுடாவில் விசைப்படகு வேலைக்குப் போகிறவர். கோயில் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் சூசை மிக்கேல், பள்ளிச் சான்றிதழில் ஜோசப் மைக்கேல். ஏஜென்ட் ஒருவர் மூலமாக ஜோசப் மைக்கேல் என்று கெஜட்டில் போட்டாகிவிட்டது. முன்னால் அப்பா பெயருக்கு ஒரு இனிஷியல். எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தது. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளை பெயர் என்னவென்று கேட்டாள். இவர் வாயால் சொன்னார். தாள் கையில்தான் இருக்கிறது, ஆனால் வாயால் சொன்னார். கெஜட்டில் மைக்கேல் 'சி எச்'சுக்குப் பிறகு 'ஏ', அதன் பிறகு 'ஈ'. அவள் தட்டியது 'ஈ', பிறகு 'ஏ'. வாசித்தால் இரண்டும் மைக்கேல்தான். அவர் ஒப்புகைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு பான் கார்டுக்குப் போட்டபோது பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி ஆதார் மையம். இந்தத் தடவை 'ஏ', 'ஈ' சரியானது, இனிஷியல் விட்டுப்போயிற்று. அது தெரிந்து மூன்றாவது தடவை போகிறார், முடியாது என்கிறார்கள். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் திருத்தலாம். நேயர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயருக்கு இரண்டு முறை, பிறந்த தேதிக்கு ஒரு முறை. எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அது ஒரு முறைதான், மொத்தப் பெயரையும் மாற்றினாலும் ஒரு முறைதான்.

அவருடைய மனைவி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டார், "சாரே, எனக்க மாப்பிளைக்கு இனி பேரே கெடையாதா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. வழி இல்லாமல் இல்லை. வரம்பு தாண்டியவர்களுக்கு விதிவிலக்காகத் திருத்திக் கொடுக்கும் அதிகாரம் ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகத்துக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக்கான மண்டல அலுவலகம் பெங்களூரு. கெஜட், பழைய அட்டை, ஏன் திருத்த வேண்டும் என்ற விளக்கம் எல்லாம் வைத்துக் கேட்க வேண்டும். கேட்டோம், கிடைத்தது. ஆனால் மாதக்கணக்கில் ஆனது. அவர் போக வேண்டிய படகில் வேறு ஆள் போய்விட்டார்.

யாரைக் குறை சொல்ல? அந்த மையத்துப் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருக்கிறாள். 'மைக்கேல்' என்று காதில் விழுந்தால் அவளுக்குப் பழகிய எழுத்தைத்தான் தட்டுவாள். அதுவும் நம் ஊரில் எழுத்து ரொம்ப வம்பு பிடித்தது. ஸ்ரீகுமார் என்று எழுத 'எஸ் ஆர் ஐ' போடுகிறவர்கள் நாகர்கோவில் பக்கம். களியக்காவிளையை நெருங்க நெருங்க மலையாள வழக்கப்படி 'எஸ் ஆர் ஈ ஈ'. லதாவுக்கு 'டி எச்'சா, வெறும் 'டி'யா? ஆளை விடுங்கள், நம் மாவட்டத்தின் பெயரையே இரண்டு விதமாக எழுதுகிறோம், ஒரு 'என்' போட்டும் இரண்டு 'என்' போட்டும். 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி அரசாணை வெளியானது. ஊர் முழுக்கப் பேச்சாகி, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஊருக்கென்றால் ஆணையைத் திரும்பப் பெறலாம். உங்களுக்கு இரண்டு தடவைதான்.

அதனால் மறுபடியும் சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். கெஜட்டில் இருக்கிறபடியே பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா, எங்கே இடைவெளி, எல்லாம் அதில் இருக்கட்டும். எங்கே போனாலும் பெயர் என்ன என்று கேட்டால் வாயைத் திறக்காதீர்கள், தாளை நீட்டுங்கள். ஆதார் மையத்தில் உங்கள் பக்கம் திரும்பி இன்னொரு திரை இருக்கும். நிறையப் பேர் அதைப் பார்க்காமல் கேமராவுக்குத் தலைமுடி ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள். தட்டியது எல்லாம் அதில்தான் தெரியும். தமிழ்ப் பெயரையும் பாருங்கள், ஆங்கிலத்தைப் பார்த்து மென்பொருள் தானாகத் தமிழில் எழுதும், சில சமயம் வேடிக்கையாக எழுதும். ஒப்புகைச் சீட்டை அங்கேயே, எழுந்திருப்பதற்கு முன்னால், தாளோடு ஒத்துப் பாருங்கள். பெயர் மொத்தமாக மாறுகிறது என்றால் பழைய பெயரில் உள்ள ஓர் அடையாள அட்டையும் கேட்பார்கள், அதைத் தூர எறிந்துவிட வேண்டாம்.

ஆதாரை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால் மற்ற ஆபீஸ் பலவும் அதைத்தான் பார்க்கிறது. அது சரியாகிவிட்டால் பான் எளிது. பான் எண் மாறாது, பெயர் மட்டும் மாறும். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. ரேஷன் கார்டுக்கு இணையத்திலும் கேட்கலாம், வட்ட வழங்கல் அலுவலகத்துக்கும் போகலாம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கும், அங்கேயும் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டில் திருத்தம் என்று ஒன்றும் கிடையாது, புதிய பெயரில் மறுபடி ஒரு பாஸ்போர்ட்தான் தருவார்கள்.

பள்ளிச் சான்றிதழும் பத்திரமும் வேறு ரகம். நீங்கள் படித்து முடித்தபோது உங்களுக்கு என்ன பெயரோ அதுதான் சான்றிதழில் இருக்கும். கெஜட் 'இனிமேல்' என்றுதான் சொல்கிறது, நேற்றைக்கு அது போகாது. இரண்டு குன்றையும் மாத்தூர் தொட்டிப்பாலம் சேர்ப்பது போல, பழைய சான்றிதழையும் புதிய அட்டையையும் சேர்ப்பது அந்த ஒரு கெஜட் தாள்தான். வேலைக்கோ விசாவுக்கோ கொடுக்கும்போது சான்றிதழோடு அதையும் சேர்த்து வையுங்கள். சொத்துப் பத்திரத்தில் பழைய பெயர் இருந்தால் அடுத்த பத்திரம் எழுதும்போது 'இன்னார் என்கிற இன்னார்' என்று எழுதிக்கொள்ளலாம். கேரளத்தில் வில்லேஜ் ஆபீசில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று தருவார்கள். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ இருக்கிற சொந்தக்காரர் சொன்னார் என்று இங்கே வந்து அதைக் கேட்கிறார்கள். இங்கே பெரும்பாலும் நோட்டரி முன்னால் கொடுக்கிற உறுதிமொழிப் பத்திரம்தான்.

கல்யாணமான பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்து மறுவீடு போய் வருவதற்குள் ஆதாரில் புருஷன் பெயரைச் சேர்க்கச் சொல்லி அழைத்து வருகிறார்கள். அந்தப் பிள்ளை பி.எஸ்சி. நர்சிங் படித்திருப்பாள், சான்றிதழ் எல்லாம் அப்பா இனிஷியலில் இருக்கும். நாளைக்கே வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட வேண்டியவள். "எதற்கும்மா மாற்றுகிறாய்" என்று கேட்டால், "மாமி சொன்னாங்க" என்பாள். கல்யாணமானால் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவளாக விரும்பி மாற்றினால் கெஜட்கூட வேண்டாம், திருமணப் பதிவுச் சான்று போதும். தமிழ்நாட்டில் 2009-லிருந்து எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்யச் சட்டம் இருக்கிறது, அதனால் அந்தச் சான்று எப்படியும் கையில் இருக்க வேண்டியதுதான். புருஷன் பெயர் ஆதாரில் வந்தால் போதும் என்றால் அதற்குச் சுலபமான வழி உண்டு. முகவரியில் 'கேர் ஆஃப்' என்று ஓர் இடம் இருக்கிறதே, அங்கே போட்டுக்கொள்ளலாம். அது முகவரித் திருத்தம், பெயர்த் திருத்தம் இல்லை. இரண்டு வாய்ப்பில் ஒன்றும் குறையாது. மாமிக்கும் திருப்தி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். மதம் மாறியவர்கள், விவாகரத்தானவர்கள், தத்துப்பிள்ளைகள் என்று ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தேன். அதற்கெல்லாம் இனி இடமில்லை. திருநங்கையர், திருநம்பியருக்கு மட்டும் ஒரு வரி: 2019-இல் வந்த சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தருகிற அடையாளச் சான்றை வைத்துக்கொண்டே மற்ற ஆவணங்களில் பெயரை மாற்றக் கேட்கலாம். சந்தேகம் என்றால் ஆதாருக்கு 1947, வாக்காளர் அட்டைக்கு 1950. எங்கேயும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவோடு கெஜட்டின் நகலைக் கொடுங்கள், அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஒன்றே ஒன்று. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், பரீட்சைக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முன்னால் பள்ளியில் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த வாரம் நீங்களும் ஒரு நடை போய், பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள். அப்போது திருத்தத் தலைமையாசிரியரிடம் சொன்னால் போதும். நன்றி, வணக்கம்.