ஐந்து சென்ட் காசும் தெருவோரமும்

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார் கார் வந்த புதிதில் நகராட்சிகள் என்ன பாடுபட்டன என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஹென்றி ஃபோர்டில் ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். காரைச் செய்தவர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காரை எங்கே நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்ட கவுன்சிலர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர்கள்மேல்தான் பிரியம் அதிகம்.

ஊர் லாஸ் ஏஞ்சலஸ். 1910-ல் அங்கே சுமார் மூன்று லட்சத்து இருபதாயிரம் பேர். 1920-ல் ஐந்தே முக்கால் லட்சம். ஊருக்குள் மஞ்சள் டிராம், சுற்றுவட்டார ஊர்களுக்குச் சிவப்பு டிராம், இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஊருக்குள் போக டிக்கெட் ஐந்து சென்ட், அதாவது ஒரு நிக்கல் காசு. இந்தக் காசைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை நம்மோடு வரும்.

1914-ல் ஒரு வேடிக்கை நடந்தது. சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்கள், டிராமுக்குக் காத்து நின்றவர்களிடம் போய், அதே ஐந்து சென்ட் கொடுங்கள், ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். நம்மூர் ஷேர் ஆட்டோவேதான். இதற்கு ஜிட்னி என்று பெயர் விழுந்தது. அந்த ஐந்து சென்ட் காசுக்கே கொச்சையில் ஜிட்னி என்றுதான் பெயர். டிராம் கம்பெனி மாமன்றத்தில் வந்து முறையிட்டது. அதன் பக்கமும் நியாயம் இருந்தது. வரி கட்டுகிறது, தண்டவாளத்துக்கு நடுவே சாலை போடும் செலவும் அதன் தலையில். ஜிட்னிக்காரருக்கு எந்தச் செலவும் கிடையாது, கூட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் போய் அள்ளிக்கொள்வார். ஜனங்களுக்கோ ஜிட்னி பிடித்துப்போய்விட்டது. இழுத்துக்கொண்டே போன விவகாரம் 1917-ல் வாக்கெடுப்புக்கு வந்து, நகர மையத்துக்குள் ஜிட்னி வரக்கூடாது என்று முடிந்தது.

சரி, டிராமுக்கு வழி கிடைத்துவிட்டது என்று பார்த்தால், இப்போது சொந்தக் கார்கள். நகர மையத்தின் ஒரு தெருவை மனதில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் இரட்டைத் தண்டவாளம். இரு பக்கமும் நடைபாதையை ஒட்டி வரிசையாக நிற்கும் கார்கள். நிற்கிற காருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மிஞ்சுகிற சந்தில் இன்னொரு கார் போக முடியாது. அதனால் ஓடுகிற கார் தண்டவாளத்தின் மேலேறி ஓடும். முன்னால் ஒருவர் திரும்புவதற்காக நிறுத்தினால், பின்னால் வரும் டிராமும் நின்றாக வேண்டும். தண்டவாளத்தில் ஓடுகிற வண்டி எங்கே ஒதுங்கும்? ஐம்பது பேரை வைத்துக்கொண்டு மணியை அடித்தபடி நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொரு டிராம், அதற்கும் பின்னால் இன்னொன்று.

மாமன்றம் துணிந்து ஒரு காரியம் செய்தது. 1920 ஏப்ரல் 10 முதல் நகர மையத்தில் பகல் வேளையில் தெருவோரமாகக் காரை நிறுத்தக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. முதல் நாளே பலன் தெரிந்தது. டிராம்கள் நேரத்துக்கு ஓடின. கணக்குப்படி பார்த்தால் நூற்றுக்கு நூறு வெற்றி.

ஆனால் கடைக்காரர்கள் பார்த்த கணக்கு கல்லாப்பெட்டியில் இருந்தது. வியாபாரம் விழுந்துவிட்டது. டிராமில் வருகிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள், அது உண்மையும்கூட. அதிகம் செலவு செய்கிறவர்கள் காரில் வருகிறவர்கள் என்பது அந்த நாட்களில்தான் உறைத்தது. பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அப்புறம், அந்த ஊருக்கே உரிய சமாச்சாரம் ஒன்று: கிளாரா கிம்பால் யங் என்ற சினிமா நட்சத்திரம் தடையை எதிர்த்துக் கார் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். பேசாத படத்தின் காலத்து நடிகை, வெளியே வந்து நன்றாகவே பேசினார்!

மூன்று வாரம்கூட ஆகவில்லை, மாமன்றம் இறங்கி வந்தது. சாயங்காலம் வேலை விட்டு வீடு திரும்பும் நேரத்துக்கு மட்டும் தடை என்று விதியைச் சுருக்கிக்கொண்டார்கள். கோழைகள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வண்டியை இங்கே நிறுத்தாதே என்று சொன்னால், அங்கே நிறுத்து என்று கை காட்ட ஓர் இடம் வேண்டாமா? அதை அவர்கள் யோசிக்கவில்லை. குறை அங்கேதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வழிகாட்டிப் பலகை நடுவதுகூட அந்த ஊரில் பெரும்பாலும் நகராட்சி செய்த வேலையில்லை. தென் கலிஃபோர்னியா ஆட்டோமொபைல் கிளப் என்ற கார்க்காரர்கள் சங்கம் நட்டது. அந்தச் சங்கம் வெகுகாலம் அதைச் செய்தது. பலகை நடுகிறவர் கை எப்படியும் ஓங்கும். 1924-ல் பெரிய சாலைத் திட்டம் ஒன்று தயாரானபோது, நகர மையத்து நிலத்தில் தெருக்களுக்கு ஐந்தில் ஒரு பங்கும் சொச்சமும்தான் இருக்கிறது, மற்ற பெருநகரங்களைவிட ரொம்பக் குறைவு என்று அதில் எழுதினார்கள். சாலையை அகலப்படுத்த வாக்காளர்களும் சம்மதித்தார்கள்.

தெருவோரத்துப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு வழி கண்டுபிடித்த ஊர் வேறு. 1935 ஜூலை 16, ஓக்லஹோமா சிட்டி. கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரர் முன்னின்று கொண்டுவந்த யோசனை: தெருவோரத்தில் கம்பம் நட்டு, அதன்மேல் கடிகாரம் வைத்த பெட்டி. காசைப் போட்டால் முள் ஏறும், நேரம் ஆக ஆக இறங்கும். பார்க்கிங் மீட்டர் பிறந்தது. கட்டணம் மணிக்கு, ஆமாம், ஐந்து சென்ட். டிராமுக்குப் போய், ஜிட்னிக்குப் போய், கடைசியில் அந்தக் காசு, கார் நின்ற இடத்துக்கே வாடகையாக வந்து சேர்ந்தது. முதலில் தெருவின் ஒரு பக்கம் மட்டும்தான் நட்டார்கள். மீட்டர் இருந்த பக்கம் இடம் காலியாகிக்கொண்டே இருந்தது, வாடிக்கையாளர் வந்துபோனார்கள். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள்.

மீட்டர் விவகாரத்தில் முதலில் மாட்டியவர் ஒரு பாதிரியார். நீதிமன்றத்தில் அவர் சொன்ன பதில்: சில்லறை மாற்றக் கடைக்குள் போயிருந்தேன். வழக்கு தள்ளுபடி.